கையுறைக்குள் சுண்டுவிரல்

ஆறாம் தேதி
மின்னஞ்சல்

அன்புள்ள குற்றப்பத்திரிகைக்கு,

உங்கள் முழங்கால் இப்போது படி ஏறுகிறதா, இல்லை இன்னும் லிப்டுக்காகக் காத்து நிற்கிறதா? போன கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் முப்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு வாஷர் குறைகிறது என்பது மட்டும் விலாவாரியாக இருந்தது. எண்ணிப் பார்த்தேன், நீங்கள் சொன்னது சரிதான். திருத்திவிட்டேன். பதினான்கு வருடத்தில் நீங்கள் கண்டுபிடித்த நாற்பத்தாறாவது தப்பு இது. ஒரு மனிதனைத் திருத்த இவ்வளவு பாடுபட்ட இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

இப்போது ஒரு வம்பு வந்து சேர்ந்திருக்கிறது. பழுது பார்க்கும் விதத்தை நாம் இணையப் பக்கத்தில் போட்டிருக்கிறோமே, அந்த ஆக்ஸிஜன் மெஷினைத் தயாரிக்கிற கம்பெனி என் மேல் புகார் கொடுத்திருக்கிறது. கோர்ட்டில் இல்லை. இணைய முகவரி யாருக்குச் சொந்தம் என்று தீர்ப்புச் சொல்வதற்கென்றே வெளிநாட்டில் ஒரு மையம் இருக்கிறதாம், அங்கே. கம்பெனி இருப்பது ஒரு நாட்டில். என் முகவரியைப் பதிவு செய்து கொடுத்தவர்கள் இன்னொரு நாட்டில். பக்கங்கள் இருக்கிற சர்வர் மூன்றாவது நாட்டில். நான் உட்கார்ந்திருப்பது நான்காவதில். விசாரணை ஐந்தாவதில். ஒரு ஆஸ்பத்திரி மெக்கானிக்கைப் பிடிக்க ஐந்து நாடுகள் கைகோத்திருக்கின்றன என்றால் எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.

புகார் இரண்டு. முகவரியில் அவர்கள் மெஷினின் பெயர் இருக்கிறது என்பது ஒன்று. நான் போட்டிருக்கும் அறுபத்திரண்டு படங்களும் அவர்களுடைய கையேட்டிலிருந்து எடுத்தவை என்பது இன்னொன்று. இருபது நாளுக்குள், அதாவது இருபத்து நான்காம் தேதிக்குள், நான் பதில் போட வேண்டும். பதில் எடுபடவில்லை என்றால் முகவரி அவர்கள் கைக்குப் போய்விடும். அதற்குப் பிறகு வீட்டில் நோயாளிக்கு மெஷின் நின்றுபோய் யாராவது பதறியடித்து நம் பக்கத்தைத் திறந்தால், புது மெஷின் வாங்கச் சொல்லும் விளம்பரம்தான் வரும்.

அதனால் ஓர் உதவி. நல்ல ஸ்கேனரில் எடுத்துத் தருகிறேன் என்று ஆறு வருடத்துக்கு முன் என்னிடம் வாங்கிக்கொண்டீர்களே, பச்சை அட்டை போட்ட நோட்டு, அதைக் கூரியரில் அனுப்பிவையுங்கள். படங்களின் மூலம் அதில்தான் இருக்கிறது. போனில் கூப்பிட வேண்டாம். ஆபரேஷனுக்குப் பிறகு தொண்டை அப்படியேதான் இருக்கிறது, வெறும் காற்றுதான் வருகிறது.

என் வீட்டுக்காரி, அதாவது உங்கள் தங்கச்சி, எப்படி இருக்கிறாள் என்று வழக்கம்போல முதல் வரியிலேயே கேட்டிருந்தீர்கள். நலம். ஜன்னலோரம் உட்கார்ந்து ஏழாம் வகுப்புப் புத்தகத்துக்குத் தவளையின் இதயம் வரைந்துகொண்டிருக்கிறாள். தவளைக்கு மூன்று அறைதான், நமக்குத்தான் நான்கு என்று காலையில் எனக்குப் பாடம் நடத்தினாள்.

நோட்டு பத்திரம்.

இப்படிக்கு,
இடதுகை


பதினோராம் தேதி
கையால் எழுதி, கூரியரில் அனுப்பியது

மதிப்புக்குரிய அண்ணா அவர்களுக்கு,

உங்கள் நண்பரின் மனைவி எழுதுகிறேன். என் கையெழுத்தை நீங்கள் இதுவரை படங்களின் கீழேதான் பார்த்திருப்பீர்கள், அம்புக்குறி போட்டு 'வால்வு', 'பில்டர்' என்று எழுதியிருப்பேனே, அதுதான். இந்தக் கடிதத்தை மின்னஞ்சலிலும் அனுப்பியிருக்கலாம். ஆனால் எனக்கென்று தனியாக முகவரி கிடையாது. அனுப்பினால் அவர் பெயரைச் சுமந்துகொண்டுதான் உங்களிடம் வரும். அதனால் பேனாவை எடுத்தேன். நான்கு நாளில் சேர்ந்துவிடும் என்று கூரியர்காரர் சொல்கிறார். நீங்கள் கிளம்புவதற்கு முன் இது உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும்.

நோட்டைக் கேட்டதற்கு நீங்கள் எழுதிய பதிலை நேற்றுப் படித்தேன். கூரியரை நம்பிக் கொடுக்க மாட்டேன், நானே கொண்டுவருகிறேன், பதினெட்டாம் தேதிக்கு டிக்கெட் போட்டாயிற்று, எழுத்திலேயே சண்டை போட்ட மனிதனை ஒரு தடவையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். நின்றபடி படித்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீங்களும் உட்கார்ந்துகொள்ளுங்கள் அண்ணா. அண்ணி வீட்டில் இருந்தால் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் இல்லை. ஆறு வருடம் ஆகிறது. அந்தப் பச்சை நோட்டை உங்களுக்குத் தபாலில் சேர்த்த பன்னிரண்டாம் நாள், ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில், தோளில் பையோடு லிப்டுக்குக் காத்திருந்தபோது சுவரில் சாய்ந்தார். களைப்பில் சாய்ந்திருக்கிறார் என்று எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். லிப்ட் மூன்று தடவை வந்து திறந்து மூடிக்கொண்டு போயிருக்கிறது. நான்காவது தடவைதான் லிப்டுக்காரர் இறங்கி வந்து தொட்டுப் பார்த்தார். வயது ஐம்பத்து மூன்று. சுற்றிலும் அத்தனை ஆக்ஸிஜன் மெஷின், அத்தனையும் அவர் கை வைத்து ஓடுபவை.

அப்படியென்றால் ஆறு வருடமாக உங்களுக்கு எழுதியது யார் என்று கேட்பீர்கள். நான்தான். ஆறாம் தேதிக் கடிதமும் நான் எழுதியதுதான். தொண்டை ஆபரேஷன் நான் செய்து வைத்தது. உங்கள் முழங்காலைக் கிண்டல் செய்ததும் நான்தான், அதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். அவர் எப்படிக் கிண்டல் செய்வார் என்று எனக்குத் தெரியும், அதனால் கை தானாகவே அப்படி ஓடிவிட்டது.

ஏமாற்ற வேண்டும் என்று உட்காரவில்லை. காரியமெல்லாம் முடிந்து, அவருடைய கம்ப்யூட்டரை அணைத்து மூடி வைக்கலாம் என்று போனேன். திறந்தால் ஒரு கடிதம் காத்திருந்தது. ஏதோ ஒரு நாட்டில் ஒரு அம்மா. குழந்தைக்கு வைத்திருக்கும் மெஷினில் சிவப்பு விளக்கு எரிகிறது, விட்டுவிட்டுச் சத்தம் போடுகிறது, சார் தயவுசெய்து சீக்கிரம் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். அதற்குப் பதில் எனக்குத் தெரியும். ஒன்பதாம் படத்தை வரைந்தவளே நான்தானே. பின்பக்க மூடியைத் திறந்து பில்டரைக் கழுவி, காயவைத்துப் போடச் சொன்னேன். யாரோ ஒரு பெண் என்று கையெழுத்துப் போட்டால் அந்த அம்மா நம்பியிருக்க மாட்டார். அவர் பெயரைப் போட்டேன். நான்கு மணி நேரத்தில் குழந்தை தூங்குகிறது, நீங்கள் கடவுள் சார் என்று பதில் வந்தது. நான் கடவுளும் இல்லை, சாரும் இல்லை. ஆனால் அன்றைக்குத்தான் பதினாறு நாளைக்குப் பிறகு உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டேன்.

அடுத்த கடிதம் உங்களுடையது. இருபத்திரண்டாம் பக்கத்தில் குழாயின் அளவு தப்பு, கண்ணை எங்கே வைத்திருந்தீர்கள் என்று வழக்கமான ராகத்தில் திட்டியிருந்தீர்கள். உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு வரி அடித்தேன். அப்புறம் அழித்துவிட்டேன். இந்த ஊரில் எல்லோருக்கும் அவர் போய்விட்டார். மேல் வீட்டு நாத்தனாருக்குப் போய்விட்டார், ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார், காய்கறிக்காரருக்குக் கூடப் போய்விட்டார். உங்கள் ஒருவருக்கு மட்டும்தான் அவர் இன்னும் கண்ணைத் தப்பான இடத்தில் வைத்துக்கொண்டு உயிரோடு இருந்தார். அதையும் பறித்துவிட எனக்கு மனம் வரவில்லை. அளவைத் திருத்திவிட்டு, குற்றப்பத்திரிகைக்கு நன்றி என்று எழுதி அனுப்பினேன்.

அப்புறம் நின்றால்தானே. வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கடிதம் வரும். தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததற்கு அவர் ஒதுக்கி வைத்திருந்த பழைய மெஷினைக் கழற்றிப் பார்த்துச் சொன்னேன். மூன்றாம் வருடம் ஒருவர், தன் அப்பாவுக்கு வைத்திருக்கும் மெஷினில் காற்று குறைகிறது என்று எழுதினார். வால்வை மாற்றிப் பாருங்கள் என்று பதில் போட்டேன். அவர் திரும்ப எழுதவே இல்லை. மெஷின் சரியாகி மறந்துவிட்டாரா, இல்லை வேறு ஏதாவதா, தெரியாது. இரண்டு தடவை நானாகவே கேட்டு எழுதினேன், பதில் இல்லை. நான் சொன்னது சரிதானா என்று கேட்க எனக்கு உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார், அவர் பெயரில்தான் அந்தப் பதிலே போயிருந்தது. இன்றைக்கும் பாத்திரம் கழுவும்போது அந்த மனிதரின் ஞாபகம் வந்துவிடும், கை நின்றுவிடும்.

மெஷினைச் சும்மா போட்டு வைத்தால் கெட்டுவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். தினமும் காலையில் பத்து நிமிடம் ஓட்டுவேன். புஸ்ஸென்று மூச்சு விடும், ஏழெட்டு விநாடி அடக்கும், மறுபடி விடும். நான் அடுத்த அறையில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருப்பேன். சில நாள், அடக்கிய மூச்சு அடுத்தது வருவதற்குக் கொஞ்சம் தாமதமாகும். அப்போது என் மூச்சும் சேர்ந்து நிற்கும். ஒரு நாள் நாத்தனார் மாடியிலிருந்து இறங்கி வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டார். தம்பி மேல் உயிரையே வைத்திருந்தவர் அவர். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"செத்தவனுக்கு லெட்டர் எழுதுறவங்க இருப்பாங்க. செத்தவன் பேர்ல லெட்டர் எழுதுறவளை இப்பதான் பாக்கிறேன். அவனை விட்ரு. அவன் போகட்டும்."

மெஷின் பத்து நிமிடம் முடியவில்லை என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு காலையில் அந்த நேரத்தில் அவர் கீழே வருவதில்லை.

வருடத்துக்கு ஒரு தடவை, முகவரியைப் பதிவு செய்து கொடுத்த கம்பெனியிலிருந்து அவர் பெயருக்கு ஒரு கேள்வி வரும். உலகத்தில் முகவரி வைத்திருக்கும் எல்லோருக்கும் வருவதாம், எல்லா நாடும் ஒத்துக்கொண்ட விதியாம். உங்கள் பெயர் இது, உங்கள் வீட்டு விலாசம் இது, இந்த விவரங்கள் இன்னும் சரியானவையா என்று கேட்பார்கள். கீழே இரண்டு கட்டம் இருக்கும். ஆம், இல்லை. ஆறு வருடமும் நான் ஆம் என்பதைத்தான் அழுத்தினேன். முதல் வருடம் ஒரு வாரம் தள்ளிப்போட்டுத்தான் அழுத்தினேன். அப்புறம் அந்த நாளுக்காகக் காத்திருக்கத் தொடங்கிவிட்டேன். அவர் இன்னும் சரியாக இருக்கிறாரா என்று எங்கிருந்தோ யாரோ கேட்கிறார்கள், ஆம் என்று சொல்ல எனக்கு ஒரு இடம் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு எனக்குப் பைத்தியம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், நாத்தனாரும் அப்படித்தான் நினைக்கிறார்.

இப்போது புகாருக்கு வருகிறேன்.

நாலாம் தேதி அது வந்தபோது முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. நம் படம் எப்படி இவர்கள் படமாகும் என்று பின்னிணைப்பைத் திறந்தேன். அவர்களுடைய புதுக் கையேட்டுப் படங்களை ஒரு பக்கமும் நம்முடையதை ஒரு பக்கமும் வைத்திருந்தார்கள். கையேடு வெளியாகி மூன்று வருடம்தான் ஆகிறது. பதினேழாம் படத்துக்கு வந்தேன். வால்வு மூடியை இறுக்கும் கை. அவர்கள் அதை அழகாக வண்ணம் தீட்டி, நீல நிறத்தில் கையுறை மாட்டிவிட்டிருக்கிறார்கள். கோடெல்லாம் சுத்தம். ஆனால் அண்ணா, அந்தக் கையுறைக்குள் சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருக்கிறது.

அது அவர் கை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆஸ்பத்திரிப் பழைய லிப்டின் கம்பிக் கதவில் மாட்டி வளைந்த விரல். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோது அதை மறைத்து மறைத்து வைத்துக்கொண்டிருந்தார், நான் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு இறுக்க வேண்டும் என்று எழுதினால் யாருக்கும் புரியாது, கையை வரை என்று அவர்தான் சொன்னார். அவர் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து பிடித்துக்காட்டுவார், நான் எதிரே உட்கார்ந்து பார்த்ததைப் பார்த்தபடி வரைவேன். அவர் இடதுகைப் பழக்கக்காரர் என்பது வரைந்து முடித்துப் பக்கம் வெளியான பிறகுதான் எங்கள் இரண்டு பேருக்கும் உறைத்தது. நீங்கள் எழுதிய முதல் கடிதமே அதைப் பற்றித்தான். படம் பதினேழில் கை தப்பு, உலகத்தில் பெரும்பாலோர் வலதுகைக்காரர்கள், நீங்கள் யாருக்காக வரைகிறீர்கள் இடதுகை சார் என்று கேட்டிருந்தீர்கள். பெயர் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. திருத்துகிறேன் என்று பென்சிலை எடுத்தேன், வீம்புக்கு அவர் விடவில்லை.

அந்தக் கம்பெனிக் கையேட்டில் படத்துக்குக் கீழே 'வலது கையால் இறுக்கவும்' என்று அச்சடித்திருக்கிறது. மேலே இடது கை இறுக்குகிறது. ஐந்து நாடுகளைத் தாண்டிப் போய், கையுறை மாட்டிக்கொண்டு, யாரோ எழுதிய வரிக்கு மேல் அவர் கை வேலை செய்துகொண்டிருக்கிறது. இந்தக் கை எங்களுக்குச் சொந்தம், திருப்பிக் கொடு என்று என்னிடமே கேட்கிறார்கள். அந்தப் பக்கத்தை நான் விரலால் தடவிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் திரை என்பது மறந்துவிட்டது.

இங்கே அறிவுசார் சொத்து அலுவலகம் என்று ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுப் புகார்களுக்கு உதவ அங்கே தனி மேஜை போட்டிருக்கிறார்கள், ஒரு சின்ன வயதுப் பெண் அதிகாரி. படத்தைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். யார் வரைந்தது என்று கேட்டார், நான் என்றேன்.

"அப்ப வரைஞ்ச நிமிஷமே அது உங்களோடது மேடம். எங்கயும் போய்ப் பதிவு பண்ணியிருக்கணும்னு இல்ல. பதிப்புரிமை ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்ட எல்லா நாட்டுலயும் உங்களோடதுதான்."

முப்பது வருடமாகப் பாடநூலுக்குப் படம் வரைகிறேன் அண்ணா. என் படத்தைப் பார்த்துத்தான் எத்தனையோ பிள்ளைகள் தவளையை அறுக்கக் கற்றுக்கொண்டார்கள். ஒன்றிலும் என் பெயர் கிடையாது. அவர் பக்கத்தைத் தொடங்கியபோது என் பெயரையும் போடுகிறேன் என்றார். தவளை வரைகிறவள் பெயர் மெஷினுக்கு எதற்கு, உங்கள் பெயரே போதும் என்று நான்தான் தடுத்தேன். அதுவும் இப்போது எனக்கு எதிராக நிற்கிறது. அந்தப் பெண், பக்கத்தில் படம் உங்கள் கணவர் பெயரில் இருக்கிறதே, அவரை ஒரு தடவை கூட்டிக்கொண்டு வர முடியுமா என்று கேட்டார். அவருக்குத் தொண்டை சரியில்லை என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் அதைக் கோப்பில் எழுதிக்கொண்டார். அந்தப் பொய்யைக் காப்பாற்றத்தான் ஆறாம் தேதி உங்களுக்கும் அவராகவே எழுதினேன்.

இரண்டு நாள் கழித்துத் திரும்பப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். திட்டவில்லை. ஆறு வருடத்துக்கு முன் இறப்புச் சான்றிதழோடு ஒரு படிவம் அனுப்பியிருந்தால் ஒரு வாரத்தில் முகவரி உங்கள் பெயருக்கு மாறியிருக்குமே மேடம் என்றார். இப்போது செத்துப்போன ஒருவர் ஆறு தடவை ஆம் என்று சொன்னது பதிவில் இருக்கிறது. பொய் விவரம் கொடுத்தால் முகவரியையே நிறுத்திவிடலாம் என்று விதி. கம்பெனி வக்கீலுக்கு அது ஒன்றே போதும்.

என் முன்னால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஏழாவது தடவையாக அவராகவே கையெழுத்துப் போடுவது. தீர்ப்புச் சொல்பவர் காகிதத்தை மட்டும்தான் படிப்பாராம், யாரும் வீட்டுக்கு வந்து ஆள் இருக்கிறாரா என்று பார்க்க மாட்டார்கள். பழைய பக்கம், நல்ல நோக்கம் என்று ஏதாவது சொல்லி முகவரி பிழைத்தாலும் பிழைக்கலாம். ஆனால் படம் போய்விடும், ஏனென்றால் அவர் வரையவில்லை. இரண்டாவது, எல்லாவற்றையும் சொல்லிவிடுவது. வரைந்தவள் நான், கை அவருடையது, அவர் இல்லை, ஆறு வருடமாக ஆம் என்றது நான். அப்போது படத்தை மீட்கலாம், முகவரி போனாலும் போகலாம். எது நடக்கும் என்று கேட்டேன். எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, உண்மையைச் சொன்னால் கூடவே பொய்யையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும் என்றார் அந்தப் பெண்.

மூன்று நாள் யோசித்தேன். முகவரி போனால், எழுதிக் கேட்கிறவர்கள் எங்கே போவார்கள் என்பதுதான் கவலை. பக்கங்களை உங்கள் பெயரில் வேறு முகவரியில் வைத்துவிடலாம், தேடிக் கண்டுபிடிக்கக் கொஞ்ச காலம் ஆகும். ஆனால் அந்தக் கை அவர்களுடையது என்று ஒரு தீர்ப்பு மட்டும் வந்துவிடக் கூடாது. அதை என்னால் தாங்க முடியாது. அதனால் இரண்டாவது வழியைத்தான் எழுதப்போகிறேன். அவரை நான் ஆறு வருடம் பிடித்து வைத்திருந்தேன், இப்போது அவர் கையைக் காப்பாற்ற அவரை விட வேண்டியிருக்கிறது.

இதற்கு நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு. பதினான்கு வருடத்துக்கு முன் நீங்கள் எழுதிய அந்த முதல் கடிதத்தைத் தேதியோடு எடுத்துத் தாருங்கள். இடதுகை என்று நீங்கள் கண்டுபிடித்த அந்தத் தப்புதான் இப்போது எங்களுக்குச் சாட்சி. இன்னொன்று, பச்சை நோட்டு. அதை ஏன் இத்தனை வருடம் திருப்பிக் கேட்கவில்லை என்று நீங்கள் நினைத்திருக்கலாம். கேட்டால் வந்துவிடும், வந்தால் திறந்துவிடுவேன், அதுதான் பயம். கம்ப்ரஸர் ஓடுகிற சத்தத்தில் பேசினால் கேட்காது என்று நாங்கள் அந்த நோட்டின் ஓரத்தில்தான் எழுதி எழுதிப் பேசிக்கொள்வோம். விரலை ஆட்டாதீங்க என்று நான் எழுதினால், மூக்கு அரிக்குது என்று அவர் கீழே எழுதுவார். ஸ்கேன் செய்தபோது நீங்கள் பார்த்திருப்பீர்கள், எனக்கு அதில் வெட்கம் இல்லை. என் கையெழுத்தும் அவர் கையெழுத்தும் ஒரே பக்கத்தில் இருப்பதுதான் வலுவான ஆதாரம் என்று அந்த அதிகாரிப் பெண்ணும் சொல்கிறார்.

கடைசிப் பக்கத்தில், அறுபத்திரண்டாம் படத்தின் ஓரத்தில், அவர் ஏதோ எழுதினார். நான் படித்தேன். சிரித்தேனா, முறைத்தேனா, என்ன எழுதினார், எதுவும் நினைவில் இல்லை. மறுநாள் நோட்டைத் தபாலில் போட்டாயிற்று. பன்னிரண்டு நாள்தான் மிச்சம் என்று தெரிந்திருந்தால் மனப்பாடம் செய்திருப்பேன். தயவுசெய்து அது என்னவென்று கடிதத்திலோ போனிலோ சொல்லிவிடாதீர்கள் அண்ணா. நோட்டை மூடியபடியே என் கையில் கொடுங்கள்.

இந்த வருடத்துக் கேள்வி ஒன்பதாம் தேதி வந்துவிட்டது. உங்கள் விவரங்கள் இன்னும் சரியானவையா என்று கேட்டுவிட்டுத் திரையில் காத்திருக்கிறது. இன்னும் எதையும் அழுத்தவில்லை. நீங்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் 'இல்லை' என்பதை அழுத்திவிடுவேன். தனியாக என்னால் முடியவில்லை, இரண்டு தடவை முயற்சி செய்து பார்த்துவிட்டேன்.

நேற்று உங்கள் கடிதங்களை எல்லாம் முதலிலிருந்து வரிசையாகப் படித்தேன். அவர் போன இரண்டாம் வருடம், போனில் பேச வேண்டும் என்று மூன்று தடவை கேட்டிருக்கிறீர்கள், நான் தொண்டை, தொண்டை என்று தட்டிக்கழித்திருக்கிறேன். அதற்குப் பிறகு நீங்கள் கேட்கவே இல்லை. அதுவரை கடைசி வரியில் இருந்த தங்கச்சி நலமா என்ற விசாரிப்பு, அதற்குப் பிறகு ஒவ்வொரு கடிதத்திலும் முதல் வரிக்கு வந்துவிட்டது. அதைப் பற்றி நான் எதுவும் கேட்கப்போவதில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம்.

அந்தக் கேள்விக்கு ஆறு வருடமாக அவர் பெயரில், அவள் நலம் என்றே பதில் வந்துகொண்டிருந்தது. இப்போது என் கையெழுத்தில் எழுதுகிறேன். நான் நலமாக இல்லை அண்ணா. வாருங்கள்.

முழங்கால் வலியோடு வருகிறீர்கள். எங்கள் கட்டடத்தில் லிப்ட் இருக்கிறது, ஆனால் நான் அதில் ஏறுவதில்லை. கீழே வந்து நிற்கிறேன், மெதுவாகப் படியிலேயே ஏறிவிடலாம். அண்ணியும் நீங்களும் நீண்ட காலம் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
படம் வரைந்தவள்